பட்டாம்பூச்சி படிக்க வேண்டுமா? கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. ஏழாவது படிக்கும் மகளுக்குப் பட்டாம்பூச்சி மேல் பித்துப் பிடித்திருக்கிறது. எங்கே தொடங்குவது, என்ன வாங்கித் தருவது? வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் புழு ஏறிவிட்டது; மாமியார் மருந்து அடிக்கச் சொல்கிறார், மகள் அழுகிறாள். யார் பக்கம் நிற்பது? கடைசியாக, பட்டாம்பூச்சியே இல்லாமல் போனால் நமக்கு என்ன நஷ்டம்?

மூன்றுக்கும் பதில் அந்தக் கறிவேப்பிலைச் செடியிலேயே இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மருந்து வேண்டாம். உங்கள் மகள் பக்கம் நில்லுங்கள். அந்தப் புழு வேறு எதுவும் இல்லை, அவள் தேடும் பட்டாம்பூச்சியேதான். கறிவேப்பிலையில் வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: எலுமிச்சை அழகி, அல்லது கறிவேப்பிலை அழகி. ஆங்கிலப் பெயரில் தேடினால் லைம் பட்டர்ஃபிளை, காமன் மார்மன். இரண்டுமே எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்ற ஒரே குடும்பத்துச் செடிகளில் முட்டையிடுபவை. எத்தனையோ ஆயிரம் செடிகள் இருந்தும் நம் ஊரில் இந்தக் குடும்பத்து இலையைத் தவிர வேறு எதையும் இவற்றின் புழு பெரும்பாலும் தின்னாது. முருங்கைக் கீரையைப் போட்டாலும் தின்னாது, பட்டினி கிடந்து செத்துப்போகும். இந்த ஒரு விஷயம் உங்கள் மகளுக்குப் புரிந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது. மீதி எல்லாம் இதன் கிளைகள்.

நாளைக் காலை ஒன்பது, பத்து மணி வெயிலில் அவளைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாய்ப்பூச்சி வந்தால் உடனே தெரியும். பூவுக்கு வரும் பூச்சி உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கும். முட்டையிட வரும் பூச்சிக்கு நிதானமே இருக்காது. செடியைச் சுற்றிச் சுற்றிப் படபடத்து, ஒரு இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்க்கும், பறந்துவிடும், இன்னொரு இலையைத் தட்டும். அது காலால் ருசி பார்க்கிறது. இலை சரியான இலைதானா என்று பாதத்தில் இருக்கும் உணர்வு முட்களே சொல்லிவிடும். பிடித்துவிட்டால் வயிற்றின் நுனியை வளைத்துக் கொழுந்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். குண்டூசித் தலை அளவு, வெளிர் மஞ்சள், உருண்டை. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று, நான்கு நாளில் பொரிந்து வரும் புழுவுக்கு முதல் சாப்பாடு அதன் முட்டை ஓடு. பிறகு இலை. சின்ன வயதில் அது புழு மாதிரியே தெரியாது. கறுப்பும் பழுப்புமாய், நடுவில் வெள்ளைத் திட்டோடு, இலைமேல் குருவி எச்சம் விழுந்த மாதிரி அசையாமல் கிடக்கும். எச்சத்தை எந்தக் குருவி தின்னும்? நான்கு முறை தோல் உரிக்கும். கடைசியாக உரித்ததும் எச்ச வேஷம் கலைந்து முழுப் பச்சையாகிவிடும். அப்போது தலைக்குப் பின்னால் தடித்த பாகத்தில் இரண்டு கண் தெரியும். குழந்தைகள் எல்லோரும் அதைக் கண் என்றே நம்புவார்கள். அது வெறும் கோலம். நிஜத் தலை அதற்கு முன்னால், கீழே குனிந்தபடி சின்னதாக இருக்கும். ஈர்க்குச்சியால் முதுகை லேசாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்று சரேலென்று வெளியே வரும், கூடவே காட்டமான ஒரு வாடை. எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

மாமியாரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். நம் ஊரில் புழு என்றாலே அரிப்பு என்ற எண்ணம் முருங்கை மரத்தால் வந்தது. முருங்கைத் தண்டில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி பட்டால் தடித்துப் போகும், உண்மைதான். ஆனால் அது அந்துப்பூச்சியின் புழு, பட்டாம்பூச்சியினுடையது அல்ல. கறிவேப்பிலையில் இருக்கும் பச்சைப் புழுவைக் கையில் ஏற்றினாலும் ஒன்றும் செய்யாது. இலை போய்விடுகிறதே என்பது அவருடைய அடுத்த கவலையாக இருக்கும். வளர்ந்த செடியாக இருந்தால் ஐந்தாறு புழுவை அது தாங்கும், மொட்டையான கிளையில் மறுபடி கொழுந்து விடும். நாற்றுப் பருவத்துச் சின்னச் செடி என்றால் தாங்காது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எலுமிச்சை நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூச்சி உண்மையிலேயே தொல்லைதான். அப்படியானால் புழுக்களை எடுத்துப் பக்கத்து வீட்டு நாரத்தையிலோ கோயில் வில்வத்திலோ விட்டுவிடுங்கள். வீட்டு வில்வத்தையே ஒரு தொட்டியில் வளர்த்தால் இன்னும் நல்லது.

ஒன்றிரண்டு புழுவை அவள் வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்படுவாள். செய்யட்டும். அகலமான டப்பா, வாயில் கொசுவலைத் துணி, தினமும் புது இலை, தினமும் எச்சத்தைத் துடைப்பது, அவ்வளவுதான் வேலை. கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் சொருகினால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். நான் முதன்முதலாக வளர்த்தபோது தொட்டிச் செடி மொட்டையாகிவிட்டது என்று சந்தையிலிருந்து ஒரு கொத்து வாங்கி வந்து போட்டேன். நன்றாகக் கழுவித்தான் போட்டேன். மறுநாள் காலையில் நான்கு புழுவும் பச்சைத் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருண்டு கிடந்தன. அந்த இலையில்தான் அன்று ரசமும் தாளித்திருந்தோம். பூச்சிமருந்து என்றால் என்ன என்று அதற்கு முன் எத்தனையோ படித்திருக்கிறேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

தோல்வி இன்னொரு வகையிலும் வரும். கூட்டுப்புழுவில் பட்டாம்பூச்சிக்குப் பதிலாக ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து, அதிலிருந்து பொடிக் குளவிகள் வரிசையாக வெளியே வரும். அவள் அழுவாள். அழட்டும், ஆனால் குளவியைக் கொல்ல விடாதீர்கள். நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பூச்சியின் பிள்ளைகள் அத்தனையும் பிழைத்தால் கறிவேப்பிலையே மிஞ்சாது. மருந்து இல்லாமலே செடியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இந்தக் குளவிகள்தான்.

இனி செடிகளைப் பற்றி. பட்டாம்பூச்சி கற்க விரும்புபவர்கள் எல்லோரும் முதலில் கேமரா வாங்குகிறார்கள், சிறகின் புள்ளிகளை எண்ணுகிறார்கள். நான் சொல்வது வேறு: முதலில் பத்துச் செடிகளின் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவும் நாம் களை என்று பிடுங்கிப் போடும் செடிகள். எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்டு, மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன். ஆவாரையில் பச்சைப் புழு இருந்தால் வெளிர் நிறத்தில் வேகமாகப் பறக்கும் வெள்ளையன் வகை. ஆமணக்கு இலையில் ஆமணக்குப் பட்டாம்பூச்சி. வேலியில் படரும் சிறுபூனைக்காலியில் சோம்பேறித்தனமாகப் பறக்கும் செம்மஞ்சள் நிறத்துப் பட்டாம்பூச்சி ஒன்று. ஆங்கிலத்தில் டானி காஸ்டர் என்பார்கள். மாமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் புல்லுருவியைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தப் புல்லுருவி இல்லாவிட்டால் மஞ்சளும் சிவப்பும் தீட்டிய ஜெசபெல் பட்டாம்பூச்சிக்குப் பிள்ளை வளர்க்க இடமில்லை. அரளியிலும் நன்னாரியிலும் வெண்புள்ளிக் கருப்பன். கரிசல் காட்டு ஓரத்தில் தரையோடு கிடக்கும் ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும்.

ஆடுதீண்டாப்பாளை என்ற பெயரையே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆடு தீண்டாது, ஏனென்றால் அது விஷச் செடி. ஆடு மேய்த்தவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர். ஆடு தொடாத அந்த இலையைச் சிவப்புடல் அழகியின் புழு தின்று, விஷத்தைத் தன் உடம்பிலேயே சேமித்துக்கொள்கிறது. வளர்ந்து பறக்கும்போதும் அந்த விஷம் உடம்பில் இருக்கும். அதனால்தான் அது ரத்தச் சிவப்பு உடம்பைக் காட்டிக்கொண்டு அவசரமே இல்லாமல் பறக்கிறது. ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பை மறக்காது.

இங்கேதான் உங்கள் கறிவேப்பிலை அழகி மறுபடி வருகிறது. கறிவேப்பிலையில் விஷம் கிடையாது. அதனால் அந்தப் பூச்சி பறவைக்கு நல்ல தீனி. ஆண் கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசை. பெண்ணோ மூன்று உருவத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று ரோஜா அழகியைப் போல. மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு உருவத்தில் பெண்கள் வரலாம். விஷமுள்ள பூச்சியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றுகிறது. ஆனால் உடுப்பை மட்டும்தான் திருட முடிந்திருக்கிறது: உடம்பைப் பாருங்கள், சிவப்பாக இருக்காது, கறுப்பாகவே இருக்கும். நான் சிறகை விட்டுவிட்டு உடம்பைத்தான் முதலில் பார்ப்பேன். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1865-லேயே இந்த மூன்று உருவங்களும் ஒரே இனத்துப் பெண்கள்தான் என்று எழுதினார். இதற்குக் காரணம் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று கிருஷ்ணமேக் குந்தே என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2014-இல் காட்டினார்கள். சாதாரணமாக ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் மரபணு அது. அறிவியல் உலகம் நூற்றைம்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு புதிர் உங்கள் வீட்டுக் கொல்லையில் இலை தின்றுகொண்டிருக்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அழகி, வெள்ளையன், வரியன், நீலன், தாவி என்று பெருங்குடும்பங்களுக்குத் தமிழில் நல்ல பெயர்கள் புழங்குகின்றன. குடும்பத்தைக் கண்டுபிடிக்கச் சிறகை விடக் காலும் கொம்பும் உதவும். எருக்கில் உட்கார்ந்திருக்கும் வெந்தய வரியனின் காலை எண்ணச் சொல்லுங்கள். நான்குதான் வரும். பூச்சி என்றால் ஆறு கால் என்று பாடத்தில் இருக்கிறதே என்பாள். முன்னங்கால் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும், நடக்க உதவாது. வரியன் குடும்பம் முழுக்க இப்படித்தான். தாவிகளுக்கு உணர்கொம்பின் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். மற்றப் பட்டாம்பூச்சிகளுக்குத் தீக்குச்சித் தலை போலத் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்குப் பெரும்பாலும் இழையாகவோ சீப்புப் போலவோ இருக்கும். பகலில் பறப்பது பட்டாம்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்ற பாடப்புத்தகப் பிரிவினையை ரொம்ப நம்ப வேண்டாம், பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் நிறைய உண்டு.

சரி, இவை இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?

பட்டாம்பூச்சி மகரந்தம் சேர்க்கிறது, அது இல்லாவிட்டால் சாப்பாடே இருக்காது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் வயலின் மகரந்த வேலையில் பெரும்பங்கு தேனீக்களும் மற்ற வண்டினங்களும் ஈக்களும் செய்வது. பட்டாம்பூச்சி நீளக் காலில் எட்டி நின்று, நீளக் குழலால் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பல பூக்களில் அதன் மேல் மகரந்தம் அதிகம் ஒட்டுவதே இல்லை. ஆனால் சில பூக்கள் அதற்காகவே அமைந்தவை. நம் மாநில மலரான செங்காந்தளையே எடுத்துக்கொள்ளுங்கள். இதழ்கள் மேல்நோக்கி மடிந்திருக்கும், மகரந்தத் தாள்கள் வெளியே வெகு தூரம் நீட்டிக்கொண்டிருக்கும், சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி இருக்கும். தேன் ஒரு இடத்தில், மகரந்தம் இன்னொரு இடத்தில். சின்ன உடம்புள்ள தேனீ தேனைக் குடித்தால் மகரந்தத்தைத் தொடாமலே போய்விடலாம். அகன்ற சிறகை அடித்துக்கொண்டு குடிக்கும் பூச்சிதான் தாளையும் தண்டையும் சிறகால் தொடும். தென்னாப்பிரிக்காவில் இதே செங்காந்தளில் நடந்த ஆய்வு ஒன்று, மகரந்தம் பட்டாம்பூச்சியின் சிறகில் ஏறிப் பூவுக்குப் பூ போகிறது என்று 2020-இல் காட்டியது. இப்போது உங்கள் பக்கத்து மூலனூர்ப் பகுதிக்கு வாருங்கள். விதைக்காகக் கண்வலிக்கிழங்கு பயிரிடுபவர்கள் காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பதைப் பார்க்கலாம். கண்வலிக்கிழங்கும் செங்காந்தளும் ஒரே செடி. ஒரு பட்டாம்பூச்சி செய்யும் வேலைக்கு ஆள் கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டுமானால் அங்கே போய்க் கேட்கலாம்.

என் கணக்கில் பட்டாம்பூச்சியின் பெரிய உபயோகம் பறக்கும்போது இல்லை, புழுவாக இருக்கும்போதுதான். இலையை இறைச்சியாக மாற்றித் தரும் இயந்திரம் புழு. தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். தேன் குடிக்கும் தேன்சிட்டும் அப்படியே. தையல்சிட்டு நாள் முழுக்கச் செடிக்குள் புகுந்து புகுந்து தேடுவது இவற்றைத்தான். முற்றத்தில் அரிசி போட்டோம், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம், குருவி வரவில்லையே என்பவர்கள் ஒரு முறை தங்கள் தோட்டத்தில் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புழு இல்லாத தோட்டத்தில் குருவி குடும்பம் நடத்த முடியாது.

இலை தின்னாத புழுவும் ஒன்று உண்டு. ஏப்ஃபிளை என்ற சின்ன நீலன் வகை. அதன் புழு மாவுப்பூச்சியைத் தின்று வளரும். மாவுப்பூச்சியின் வெள்ளைப் பொடியையே முதுகில் பூசிக்கொண்டு அவற்றுக்கு நடுவில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கூட்டுப்புழுவாகிவிட்டால் அதில் அச்சாகக் குரங்கு முகம் தெரியும். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது உங்கள் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். அதை அடக்கியது 2010-இல் கொண்டுவந்து விட்ட ஒரு பொடிக் குளவி. ஆனால் அந்தக் குளவி வருவதற்கு முன்பே, யாரும் சொல்லாமலே மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்த உள்ளூர்க்காரர்களில் இந்தப் பூச்சியும் ஒன்று. மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்தவர்கள் இதையும் சேர்த்துத்தான் கொன்றார்கள்.

இன்னொரு பெரிய உபயோகம், நிலத்துக்கு என்ன ஆகிறது என்று முதலில் சொல்வது இவைதான். ஒவ்வொரு பட்டாம்பூச்சியும் ஏதோ சில செடிகளோடு கட்டுப்பட்டிருக்கிறது. ஆயுள் குறைவு, வருஷத்துக்குப் பல தலைமுறை. அதனால் செடி போனால், மழை தவறினால், மருந்து கூடினால் உடனே எண்ணிக்கையில் தெரியும். மரம் சாக இருபது வருஷம் ஆகும், பட்டாம்பூச்சி அடுத்த வருஷமே வராது. பிரிட்டனில் 1976-இலிருந்து தன்னார்வலர்கள் வாரா வாரம் ஒரே பாதையில் நடந்து எண்ணிக்கொண்டே வருகிறார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2020 வரையிலான கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2025-இல் வந்தது: மொத்த எண்ணிக்கை 22 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி உங்கள் மகளைப் போன்ற ஆர்வலர்கள் நோட்டில் எழுதி வைத்தது. நம் ஊரில் அப்படி எழுதி வைக்க ஆள் போதவில்லை. அதனால்தான் அவளுடைய ஆர்வம் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தருகிறது.

படிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது இங்கிலாந்தில் நடந்த ஒரு கதை. லார்ஜ் ப்ளூ என்று ஒரு பெரிய நீலன் அங்கே இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. சேகரிப்பாளர்கள் வலை போட்டுப் பிடிப்பதுதான் காரணம் என்று நினைத்து, அது வாழ்ந்த இடம் ஒன்றைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலிக்குள் அது இன்னும் வேகமாக அழிந்தது. 1970-களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் கடைசியாக எஞ்சியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் என்ன நடக்கிறது என்று பார்த்தார். அந்தப் பூச்சியின் புழு மூன்று வாரம் போலத் தைம் என்ற வாசனைச் செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழுந்து, எறும்புக் குஞ்சு மாதிரி நடிக்கும். ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் பிள்ளை என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப் போகும். அங்கே எறும்புக் குஞ்சுகளைத் தின்றே மாதக்கணக்கில் வளரும். அந்த ஒரு வகை எறும்புக்கு வெயில் படும் சூடான தரை வேண்டும், அதற்குப் புல் ஒட்ட மேய்ந்திருக்க வேண்டும். வேலி ஆளைத் தடுத்தது, கூடவே ஆட்டையும் மாட்டையும் தடுத்தது. முயல்களும் 1950-களில் நோய் வந்து மடிந்துபோயின. புல் விரலளவு உயர்ந்தது, தரை குளிர்ந்தது, எறும்பு போனது, பட்டாம்பூச்சி போனது. தாமஸ் காரணத்தைக் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. 1979-இல் அது பிரிட்டனில் அற்றுப்போனது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால், மறுபடி மேய்ச்சல் விட்டுப் புல்லைக் குட்டையாக்கி, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே மறுபடி பறக்கிறது.

வேலி போட்டவர்களுக்கு அந்தப் பூச்சி மேல் அன்பு இல்லாமல் இல்லை. எறும்பைத்தான் தெரியவில்லை.

இதே தவறை நாம் வேறு மாதிரி செய்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் போட்டிருக்கிறோம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நர்சரியில் வாங்கிய கலப்பினப் பூச்செடிகள் வரிசை வரிசையாக இருந்தன, அழகாகத்தான் இருந்தன. தோட்டம் அமைக்க அந்த இடத்திலிருந்த எருக்கையும் ஆவாரையையும் வேலிப்பருத்தியையும் வேரோடு பிடுங்கிச் சுவருக்கு வெளியே குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில் வாடிய எருக்கு இலை மேல் வெந்தய வரியனின் புழு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே பேச வாய் வரவில்லை.

தோட்டம் போடுவதானால் புழுவுக்கு முதலில், பூவுக்குப் பிறகு. வில்வம், கறிவேப்பிலை, ஒரு மூலையில் எருக்கு, ஆவாரை, பருப்புக்கீரை போதும். பருப்புக்கீரையில் டானாய்ட் எக்ஃபிளை முட்டையிடும். அதன் பெண் வெந்தய வரியனின் உடுப்பில் வரும், ஆண் கறுப்பில் நீலம் சூழ்ந்த வெள்ளை வட்டங்களோடு வேறு பூச்சி மாதிரியே இருக்கும். தேனுக்கு இட்லிப்பூ வையுங்கள், அழகிகள் அதை விடமாட்டா. உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்ப்பதைப் பார்த்து அதை மட்டும் நட்டுவிடாதீர்கள். சத்தியமங்கலம் காட்டுக்குள் போனால் அது மற்றச் செடிகளை எப்படி மூடி அமுக்கியிருக்கிறது என்று தெரியும். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இருந்தால் இன்னொரு காட்சி கிடைக்கும்: காய்ந்த தண்டில் நீல வரியன்களும் கருப்பன்களும் கொத்தாகத் தொங்கும், பெரும்பாலும் ஆண்கள். பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்க வேண்டிய ரசாயனத்தை அவை அந்தச் செடியிலிருந்துதான் எடுக்கின்றன. ஆற்றோர ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதும் ஆண்கள்தான், உப்புக்காக. அந்த உப்பு பிறகு பெண்ணுக்குச் சேரும், அங்கிருந்து முட்டைக்கு.

தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே இருக்கும் சமவெளி, குன்றுகளுக்கும் இடையே கூட்டம் கூட்டமாக இடம்பெயரும். மொட்டை மாடியில் நின்றால் தலைக்கு மேல் எல்லாம் ஒரே திசையில் போவது தெரியும். பத்து நிமிஷத்துக்கு எத்தனை, எந்தத் திசை, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இலங்கையில் சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்றும் ஒரு பெயர், பட்டாம்பூச்சி மலை. கூட்டமாகப் போகும் பூச்சிகள் அந்த மலையை வணங்கத்தான் போகின்றன என்பது அங்குள்ள நம்பிக்கை.

வாங்கித் தர வேண்டியது அதிகமில்லை. வலை வேண்டாம். சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அதன் செதில்கள், உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, கோடு போடாத நோட்டு ஒன்று. படம் பார்த்து இனம் கண்டுபிடிக்க ‘பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா’ இணையதளம் இலவசம். வாரத்தில் ஒரு நாள், அதே நேரம், வீட்டிலிருந்து அதே தெரு வழியாக அரை மணி நேரம் நடந்து எண்ணட்டும். பெயர் தெரியாததை வரைந்து வைக்கட்டும். விடுமுறையில் ஸ்ரீரங்கம் மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு நடை போய்வரலாம். நம் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் என்று 2019-இல் அறிவித்தார்கள். அதைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குத்தான் போக வேண்டும், நீரடிமுத்து மரம் இருக்கும் பக்கம். அது பிறகு.

இப்போதைக்குக் கறிவேப்பிலைப் புழு. இரண்டு, மூன்று வாரத்தில் ஒரு நாள் அது சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிலைகொள்ளாமல் அலையும், குடலைக் காலிசெய்து ஈரமாகக் கழியும். நோய் என்று பயப்படாதீர்கள். ஒரு குச்சியில் பட்டு ஒட்டி, பின்பக்கத்தை அதில் மாட்டி, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூலைக் கட்டிக்கொள்ளும். மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்து நிற்பாரே, அச்சு அசல் அதே மாதிரி. மறுநாள் தோல் உரிந்து கூட்டுப்புழுவாகிவிடும். பச்சைக் கிளையில் என்றால் பச்சையாக, காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பத்து நாள் போலத் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு சாயங்காலம் அது கறுக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டுக்குள் சிறகின் கோலம் மடித்து வைத்த மாதிரி தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தாலும் பரவாயில்லை, விடியும்போதே எழுப்பிவிடுங்கள். பெரும்பாலும் காலையில்தான் ஓடு பிளக்கும். ஈரத் துணியைப் பிழிந்து போட்ட மாதிரிச் சிறகோடு வெளியே வந்து, குச்சியைப் பிடித்துக்கொண்டு சிறகைக் கீழே தொங்கவிட்டிருக்கும். கால் மணி நேரத்தில் உடம்பின் நீரை நரம்புக்குள் தள்ளித் தள்ளிச் சிறகை விரித்துவிடும். உறிஞ்சுகுழல் இரண்டு தனித்தனி இழைகளாக இருக்கும். சுருட்டி நீட்டி, சுருட்டி நீட்டி, இரண்டையும் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான் கைலென்ஸ். சிறகு காய்ந்து பறக்க ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை மாமியாரையும் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள்.